இங்கிலாந்தின் பழைய பங்குத் தேவாலயத்தைப் பார்ப்பது எப்படி? பிளைபராவிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அங்கே மிகப் பழைய கட்டடம் பெரும்பாலும் அந்த ஊர்த் தேவாலயமாகத்தான் இருக்கும். வயது 600, 700. சில ஊர்களில் ஆயிரத்துக்கும் மேல். நுழைவுக் கட்டணம் இல்லை, வரிசை இல்லை, பல நாள்களில் உள்ளே வேறு ஆளே இருக்க மாட்டார். இருந்தும் நம்மவர்களில் பலர் உள்ளே போய், கண்ணாடி ஜன்னலைப் படம் எடுத்து, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாததுதான் சிக்கல்.

எல்லோரும் முதலில் கேட்பது, "இதை எப்போது கட்டினார்கள்?" என்றுதான். அதற்கு ஒற்றை விடை கிடையாது. கோபுரம் ஒரு நூற்றாண்டு, சுவர் இன்னொரு நூற்றாண்டு, ஜன்னல் அதற்கும் பிந்தியது, தரை விக்டோரியா காலம் என்று கலந்துதான் இருக்கும். ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வேலை மாறுகிறது? அதற்குக் காசு கொடுத்தது யார்? பிற்பாடு எதைப் பிடுங்கிப் போட்டார்கள்? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே நடந்தால் எந்தப் பழைய தேவாலயமும் பேச ஆரம்பித்துவிடும்.

பழகுவதற்கு நான் சொல்வது சஃபக் மாவட்டத்தில் பிளைபரா என்ற சிற்றூரின் ஹோலி டிரினிட்டி தேவாலயம். வரைபடத்தில் எழுத்துக்கூட்டினால் பிளைத்பர்க் என்று வரும். ஏ12 சாலையோரம், சதுப்பு நிலத்துக்கு மேலே கப்பல் மாதிரி நிற்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம். ரயிலில் வந்தால் இப்ஸ்விச்–லோஸ்டாஃப்ட் தடத்தில் டார்ஷம் அல்லது ஹேல்ஸ்வொர்த்தில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும்.

போகும் முன்

ஞாயிறு காலையில் போகாதீர்கள். அது ஆராதனை நேரம். ஆராதனைக்கே போவதென்றால் தாராளமாகப் போகலாம், ஆனால் அப்போது சுற்றிப் பார்க்க முடியாது. வார நாள்களில் பல தேவாலயங்கள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். பூட்டியிருந்தால் வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். அந்த வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சப்படாதீர்கள். சாவி வைத்திருப்பவர் கூடவே நடந்து வந்து, அச்சிட்ட கையேட்டில் இல்லாத கதைகளைச் சொல்வதும் உண்டு.

எடுத்துப் போக வேண்டியவை: பைனாகுலர், ஒரு நல்ல டார்ச், ஒரு கூடுதல் ஸ்வெட்டர். வெளியே வெயில் அடித்தாலும் கல் கட்டடத்துக்குள் குளிரும். பைனாகுலர் இல்லாமல் பிளைபராவுக்குப் போவது பாதிப் பயணம்தான். காரணம் கூரைக்கு வரும்போது புரியும்.

இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால் தேவாலயத்தின் எந்தப் பகுதி எந்த நூற்றாண்டு என்ற விவரம் வரும். என் யோசனை: அதைப் போகும் முன் படிக்காதீர்கள். முதலில் நீங்களே பார்த்து ஊகியுங்கள், பிறகு சரிபாருங்கள். அப்படிச் செய்தால்தான் கண் பழகும்.

வெளியே ஒரு முழுச் சுற்று

நேராகக் கதவுக்குப் போகாதீர்கள். கல்லறைகளுக்கு நடுவே கட்டடத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். திசை கண்டுபிடிப்பது சுலபம்: பலிபீடம் கிழக்கே, கோபுரம் பெரும்பாலும் மேற்கே, வாசல் மண்டபம் பெரும்பாலும் தெற்கே. மக்கள் கூடும் நீண்ட பகுதிக்கு நேவ் என்று பெயர். கிழக்கே குருவானவருக்குரிய பகுதி சான்சல். இந்த இரண்டு பெயர் தெரிந்தால் போதும், மீதி போகப் போக வரும்.

இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கிறது. சான்சலைப் பராமரிப்பது ரெக்டர் எனப்படும் பங்குக் குருவின் பொறுப்பு. நேவைப் பராமரிப்பது ஊர் மக்களின் பொறுப்பு. ஊர் செழித்து, ரெக்டர் கஞ்சனாக இருந்தால் நேவ் அரண்மனை போலவும் சான்சல் குடிசை போலவும் நிற்கும். பல இடங்களில் ரெக்டர் என்பது ஆளே அல்ல. வருமானத்தை எடுத்துக்கொண்ட மடம்தான் ரெக்டர். பிளைபராவிலும் பக்கத்திலேயே இருந்த அகஸ்தீனியத் துறவிகளின் மடத்துக்குத்தான் தேவாலயம் சொந்தம்.

அடுத்து, கல்லைப் பாருங்கள். சஃபக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பதெல்லாம் சக்கிமுக்கிக் கல். அது உருண்டை உருண்டையாக வரும். அதைக் கொண்டு நேரான மூலையும் கட்ட முடியாது, ஜன்னல் சட்டமும் செதுக்க முடியாது. அதற்கெல்லாம் வெளியூரிலிருந்து தண்ணீர் வழியாகக் கல் கொண்டுவர வேண்டும். அதனால் இந்தப் பக்கத்துக் கொத்தர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள்: சக்கிமுக்கியை உடைத்து, கறுப்பாக மின்னும் உள்முகம் வெளியே தெரியும்படி வைத்து, வெளிர்க் கல்லுக்கு நடுவே கோலம் மாதிரிப் பதித்தார்கள். விலைகூடிய கல் கொஞ்சம், உள்ளூர்க் கல் நிறைய. பிளைபராவின் கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னலுக்குக் கீழே இப்படிப் பதித்த தனித்தனி எழுத்துகளைக் காணலாம். திரித்துவத்துக்கும் மரியாளுக்கும் புனிதர்களுக்கும் இக்கட்டடத்தை அர்ப்பணிக்கும் லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் என்று அவற்றைப் படிக்கிறார்கள்.

பிறகு மேற்கே போய்க் கோபுரத்தையும் நேவையும் ஒரே பார்வையில் பாருங்கள். கோபுரம் எளிமையானது, ஜன்னல்கள் சிறியவை. பக்கத்தில் நேவோ முழுக்கக் கண்ணாடி. மேல்வரிசையில் மட்டும் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள். இரண்டும் ஒரே தலைமுறை வேலையல்ல என்பது கண்ணுக்கே தெரியும். கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. மற்றது 15ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பியது. இதைத்தான் எல்லாத் தேவாலயத்திலும் தேட வேண்டும்: கல்லின் நிறம் மாறும் இடம், பாதியில் நிற்கும் வளைவு, அடைத்த கதவு, கோபுரச் சுவரில் முக்கோணமாகத் தெரியும் பழைய கூரையின் தடம்.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய தேவாலயம்? அன்று பிளைபரா ஆற்றுத் துறைமுகம். வியாபாரமும் மீனும் காசு தந்தன. சாகும்போது தேவாலயத் திருப்பணிக்கென்று உயிலில் பணம் எழுதிவைப்பது வழக்கம். பிறகு ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெருத்தன, வியாபாரம் போய்விட்டது. பழையதை இடித்து மறுபடி கட்டக் காசில்லாத ஊரில்தான் பழைய கட்டடம் அப்படியே மிஞ்சும். வறுமை நல்ல பாதுகாவலன். ஊர்க்காரர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

ஜன்னலைக் கொண்டு காலம் சொல்வது

இது ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. காலப் பிரிவுகளுக்கு இன்று வழங்கும் பெயர்களைப் பரப்பியவர் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன்; ஆண்டு 1817. வரம்புகள் தோராயமானவை.

அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்ன ஜன்னல், வளைவைச் சுற்றிப் பல்பல்லாக வெட்டிய அலங்காரம் இருந்தால், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்களின் காலம். 1066 முதல் 1190 வரை. ஹெர்ஃபோர்ட்ஷயரின் கில்பெக் தேவாலயம் இதற்கு அருமையான சான்று. கூர்முனையோடு ஒடுங்கி உயர்ந்த ஒற்றை ஜன்னல்கள் இரண்டு மூன்றாக நின்றால் ஆரம்ப ஆங்கில பாணி. ஏறத்தாழ 1250 வரை. ஜன்னல் தலையில் கல் இலை, சுடர், வலை என்று வளைந்து பின்னினால் டெக்கரேட்டட், 1350 வரை. லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனில் அதைப் பார்க்க வேண்டும். பின்னல் போய், கல் கம்பிகள் கீழிருந்து மேல்வரை நேர்க்கோடாக ஓடி, வளைவு தட்டையாகி, சுவரே கண்ணாடியாக மாறினால் பெர்ப்பெண்டிகுலர். ஏறத்தாழ 1530 வரை. பிளைபரா இந்தக் கடைசி வகை.

டெக்கரேட்டட் காலம் முடியும் இடத்தில் 1348–49 கொள்ளைநோய் நிற்கிறது. ஒரு வேலை பாதியில் நின்று, பிறகு வேறு பாணியில் தொடர்ந்திருப்பதைக் கண்டால் அந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். எல்லா மாற்றத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. ஜன்னலின் வயது சுவரின் வயது அல்ல. பழைய சுவரை உடைத்துப் புது ஜன்னல் வைப்பது அன்றைய நாகரிகம். அடுத்தது, விக்டோரியா காலத்தார் எல்லாப் பாணியையும் நகலெடுத்தார்கள். விளிம்பு கத்தி போலக் கூர்மையாக, கல் ஒரே நிறத்தில், எல்லா இலையும் அச்சில் வார்த்தது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாசல் மண்டபம்

இதைக் கடந்து ஓடிவிடாதீர்கள். இடைக்காலத்தில் திருமணச் சடங்கின் முக்கியப் பகுதி தேவாலயக் கதவடியில்தான் நடந்தது. கதவுக்குப் பக்கத்தில் உடைந்த கல்கிண்ணம் இருந்தால் அது தீர்த்தத் தொட்டி. உடைத்தவர்கள் யார் என்பது பின்னால் வரும். தெற்குக் கதவை ஒட்டிய கல்லில் நடுவே ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கீறல்களும் தெரிந்தால், அது பூசை நேரம் காட்டிய சூரியக் கடிகாரம். துளையில் ஒரு குச்சி செருகியிருப்பார்கள். உள்ளே போனதும் கதவைச் சாத்துங்கள். திறந்து வைத்தால் பறவைகள் நுழைந்து வெளியேற வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும்.

உள்ளே: மேற்கு முனையில் நின்று அண்ணாந்து

காலணியைக் கழற்ற வேண்டாம். சேறு அப்பிய பூட்ஸ் என்றால் மட்டும் மண்டபத்தில் விட்டுவிடுங்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது வழக்கம். நேராக மேற்கு முனைக்குப் போய், கிழக்கே பார்த்து நின்று, இப்போது பைனாகுலரை எடுங்கள்.

பிளைபராவின் கூரை உச்சியில் மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள், முதுகோடு முதுகு ஒட்டி, சிறகு விரித்து, ஒருவர் கிழக்கும் ஒருவர் மேற்கும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இடையே விட்டங்களில் பழைய சாயம் இன்னும் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் வண்ணம் அது. இடைக்காலத் தேவாலயம் என்றால் சாம்பல் நிறக் கல் என்று நினைக்கிறோம். அன்று சுவர், தூண், கூரை எல்லாம் பளிச்சென்ற நிறத்தில் இருந்தன.

அந்தச் சிறகுகளில் ஈய ரவைகள் பதிந்திருந்தன. நீண்ட காலம் சொன்ன கதை இது: 1644இல் வில்லியம் டவ்சிங் வந்தார், அவருடைய ஆள்கள் தேவதூதர்களைச் சுட்டார்கள். டவ்சிங் நிஜமானவர். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது சஃபக், கேம்பிரிட்ஜ்ஷயர் தேவாலயங்களில் 'மூடநம்பிக்கைச் சின்னங்களை' உடைக்கும் அதிகாரத்தோடு சுற்றி, உடைத்ததையெல்லாம் நாள்குறிப்பில் எழுதியும் வைத்தார். பிளைபராவிலும் தேவதூதர்களை இறக்க உத்தரவிட்டார். ஆனால் அவர்கள் மேலேயே இருக்கிறார்கள். அந்த உயரத்துக்கு ஏணி வைப்பது சிரமம். ரவைகள் அவர் காலத்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் கூடு கட்டிய ஜாக்டா காகங்களைச் சுடத் தேவாலய நிர்வாகிகள் கூலியும் வெடிமருந்தும் கொடுத்திருக்கிறார்கள். கணக்கேட்டில் பதிவு இருக்கிறது. உள்ளூர்க் கதையை ரசியுங்கள், ஆனால் கணக்கேட்டை நம்புங்கள்.

மேற்குக் கோடியில் தேவதூதர்கள் இல்லை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது பெரும்புயல்; கோபுரத்தின் கூர்ச்சிகரம் கூரையை உடைத்துக்கொண்டு விழுந்தது. ஒரு கறுப்பு நாய் உருவில் சாத்தான் வந்து, போகும்போது வடக்குக் கதவைச் சுட்டுவிட்டுப் போனான் என்பது ஊர்க்கதை. கதவில் கரிந்த தடங்கள் உண்டு. விரலால் தொட்டே பார்க்கிறார்கள். இதே போன்ற தடங்கள் பழைய வீடுகளின் உத்தரங்களிலும் காணக் கிடைக்கின்றன. தீயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையில் மெழுகுத்திரியால் வேண்டுமென்றே சுட்டவை அவை என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அடுத்து ஞானஸ்நானத் தொட்டி. கதவுக்கு அருகே, மேற்குப் பக்கம் இருக்கும். விளிம்பில் இரும்புக் கொக்கி இருந்த ஓட்டைகளைத் தேடுங்கள். மந்திர வேலைக்கு அந்தத் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்பதால் தொட்டியை மூடிப் பூட்டி வைக்க 1236இல் உத்தரவு வந்தது. பிளைபராத் தொட்டியின் எட்டு முகங்களிலும் இருந்த சிற்பங்களைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். வெறும் நிழல்தான் பாக்கி.

பெஞ்சுகளின் முனைகளுக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். கொடிய பாவங்கள் ஆளுருவில் உட்கார்ந்திருக்கின்றன: சோம்பல் படுக்கையை விட்டு எழவில்லை, பேராசை பணப்பெட்டி மேல் குந்தியிருக்கிறது, பெருந்தீனி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரசங்கம் நீளும்போது கைக்கு அருகில் தடவிப் பார்க்கும்படி அந்த உயரத்தில் வைத்த தச்சனுக்கு நகைச்சுவை உணர்வு நிச்சயம் இருந்திருக்கும்.

இல்லாததைப் பார்ப்பது: வென்ஹாஸ்டன்

இந்தப் படிக்கு அடுத்த கிராமத்துக்குப் போக வேண்டும், ஐந்து கிலோமீட்டருக்குள்தான். வென்ஹாஸ்டனின் செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் ஒரு பெரிய மரப்பலகை ஓவியம் இருக்கிறது. 1500 வாக்கில் தீட்டிய இறுதித் தீர்ப்புக் காட்சி. மிக்கேல் தூதர் ஆன்மாவைத் தராசில் நிறுக்கிறார். பேதுரு, மகுடம் மட்டும் அணிந்த நிர்வாண அரசனையும் தொப்பி மட்டும் அணிந்த நிர்வாண ஆயரையும் வரவேற்கிறார். நரகம் ஒரு மீனின் வாயாகத் திறந்திருக்கிறது. இது சான்சலின் நுழைவளைவில், நேவையும் சான்சலையும் பிரித்த மரத்தடுப்புக்கு மேலே, ஊரே பார்க்கும்படி நின்றது.

ஓவியத்தின் நடுவே சாயமே படாத மூன்று வெற்று உருவங்கள் தெரியும். ஒரு சிலுவை, இரு பக்கமும் இரண்டு ஆள்கள். அங்கே சிலுவைநாதர், மரியாள், யோவான் ஆகியோரின் மரச்சிலைகள் பொருத்தியிருந்தன. ஓவியர் அவற்றைச் சுற்றியே தீட்டினார். 1547இல் புராட்டஸ்டன்ட் மன்னர் ஆறாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தபின் நாடெங்கும் சிலைகளை அகற்றி, சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். பலகைக்கும் வெள்ளை பூசி, மேலே வேதவசனம் எழுதினார்கள். எந்த வசனம் தெரியுமா? ரோமர் 13: "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." மதச்சீர்திருத்தத்தில் அரசருக்கு எது முக்கியமாகப் பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1892இல் பழுதுபார்த்தபோது அந்த வெள்ளைப் பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு பெய்த மழை சுண்ணாம்பைக் கரைத்தது. காலையில் வந்தவர்கள் கண்முன் பிசாசுகள்.

இனி எந்தத் தேவாலயத்திலும் வெற்றிடங்களைத் தேடுங்கள். சிலையில்லாத மாடம், முகம் சிதைந்த புனிதர். தூணுக்குள் ஏறி அந்தரத்தில் முடியும் படிக்கட்டு என்றால், இடிந்துபோன மரத்தடுப்பு மேடைக்கு ஏறியது அது. பலிபீடத்துக்குத் தெற்கே சுவரில் வடிகாலோடு ஒரு சின்னக் கல்கிண்ணம் இருந்தால், பூசைப் பாத்திரம் கழுவிய இடம். அது பக்கவாட்டுச் சுவரில் தனியாக இருந்தால் அங்கே இன்னொரு பீடம் இருந்தது என்று பொருள்.

கீறல்களும் கல்வெட்டுகளும்

டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத கீறல்கள் நிழலோடு எழும்பும்: கப்பல்கள், கைகள், காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூக்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல் தேவாலயத்துக் கோபுரச் சுவரில் லத்தீன் வரிகள் சில உள்ளன. 1350இல் கொள்ளைநோய் கொடூரமாகத் தாக்கியது, சாட்சி சொல்ல மக்களில் கடைகெட்டவர்களே மிஞ்சினார்கள் என்கிறது ஒரு கை. அதன் பின் 1361இன் புனித மவ்ருஸ் திருநாளில் உலகெங்கும் புயல் முழங்கியது என்று சேர்த்திருக்கிறது. ஆண்டு மார்ச்சில் பிறந்த அன்றைய கணக்கு அது. இன்றைய கணக்கில் 1362 ஜனவரி. நீங்கள் எதையும் கீறிவிடாதீர்கள், சொல்லவே வேண்டியதில்லை.

சுவர்ப் பலகைகளையும் தரைக்கற்களையும் நிதானமாகப் படியுங்கள். காலைக் குறுக்காகப் போட்ட வீரன் சிலை என்றால் சிலுவைப்போருக்குப் போனவன் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்; அது பழங்கதை. 17, 18ஆம் நூற்றாண்டுப் பலகைகளில் 'மெட்ராஸ்', 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்' என்ற சொற்கள் கண்ணில் படுவதுண்டு. வேல்ஸின் ரெக்ஸம் நகரில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயக் கோபுரத்துக்கு முன்னால், சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் கல்லறை இருக்கிறது. அமெரிக்காவில் பிறப்பு, ஐரோப்பாவில் வளர்ப்பு, ஆசியாவில் திருமணம் என்று அதன் வாசகம் போகிறது. அந்தத் திருமணம் நடந்தது சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரிஸில், 1680இல், தேவாலயம் திறந்த சில நாள்களில். அதே தேவாலயத்தில் 1753இல் மணமுடித்த ராபர்ட் கிளைவ், ஷ்ராப்ஷயரின் மோர்ட்டன் சே என்ற சிற்றூர்த் தேவாலயத்துக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார்.

ஊரின் சாமானியர்கள் கல்லில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். அந்தப் பழைய ஏடுகள் இப்போது பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

கிளம்பும் முன்

உண்டியலில் ஏதாவது போடுங்கள். கூரைச் செலவு முதல் மின்கட்டணம் வரை ஊர்த் தேவாலயச் சபைதான் சுமக்கிறது. 1881இல் பிளைபராவை ஆபத்தான கட்டடம் என்று பூட்டியே விட்டார்கள். பழுதுபார்க்கிறேன் என்று எல்லாவற்றையும் புதிதாக்கிவிடக் கூடாது என்று, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அப்போது மல்லுக்கு நின்றது. பெஞ்சு மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தால் வௌவால் எச்சத்துக்காக இருக்கும். அவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை, விரட்ட முடியாது. பலிபீட வேலிக்குள் போக வேண்டாம். கோபுரம் ஏற அனுமதி கேளுங்கள். திறந்திருக்கும் படிக்கட்டில் நீங்களாக ஏறாதீர்கள்.

அடுத்து எங்கே என்றால்: முழுமையான இடைக்காலக் கண்ணாடிக்கு குளோஸ்டர்ஷயரின் ஃபேர்ஃபோர்ட், 28 ஜன்னல்கள். நார்மன்களுக்கும் முந்தியதைப் பார்க்க டர்ஹம் பக்கம் எஸ்கூம். ரோமானியர் கற்களை எடுத்து 7ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆராதனை நின்றுபோன தேவாலயங்கள் 350க்கும் மேல் 'சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட்' பராமரிப்பில் இருக்கின்றன. அங்கே ஞாயிறு காலையிலும் போகலாம். செப்டம்பரில் வரும் ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ் நாள்களில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் சில கோபுரங்களையும் மாடியறைகளையும் இலவசமாகத் திறப்பார்கள். சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டியிருக்கும்.